கதவைப் பூட்டியது யாரென்று பாடியவர்

மேடையில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய போதகர் லாங்ஸ்ட்ரீட் அவர்களே! அவருக்கு இடப்பக்கம் வெள்ளைத் தொப்பிகளோடு வெண்மேகம்போல் அமர்ந்திருக்கும் சபையின் அன்னையர்களே! மூப்பர்களே! பாடகர் குழுவினரே! சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் பஸ்ஸில் வந்து இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் உறவினர்களே! வெள்ளைக் கையுறை அணிந்து, நான் எப்போது முடிப்பேன் என்று வாசலிலிருந்து முறைக்கும் பணிவிடைச் சகோதரிகளே! எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பேசுகிற ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ‘தயவுசெய்து இரண்டு நிமிடம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நம் ஊர் வழக்கம்தான். ஆனால் ‘க்ளீவன் மாட்லாக், ஆர்கன் இசைக் கலைஞர்’ என்ற என் பெயருக்கு நேரே மட்டும் ‘இரண்டே நிமிடம்’ என்று போட்டு, கீழே கோடும் இழுத்திருக்கிறார்கள். ஐயா, இரண்டு நிமிடத்தில் நான் தொண்டையைக்கூடச் செருமி முடித்ததில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன் நான். என் மனைவியின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட லூவீனியா டில்மன் அவர்களின் பின்னந்தலையைப் பார்த்த நேரம் அதிகம். அந்தத் தலை எந்தப் பக்கம் ஒரு நூலளவு சாய்ந்தால் எந்தச் சுரத்துக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இன்று அந்தத் தலை மலர்களுக்கு நடுவே அசையாமல் கிடக்கிறது. எந்தச் சுரத்துக்குப் போவதென்று எனக்குத் தெரியவில்லை.

யார் இந்த லூவீனியா டில்மன்? பத்திரிகைகள் சோல் இசையின் பேரரசி என்றன. நாம் லூவீனியா அக்கா என்றோம். பாடினாரா? பாடினார்! அவர் உச்சக் குரல் எடுத்தால் ஊருக்கு வெளியே குளங்களில் கெளுத்தி மீன்கள் தலையை வெளியே நீட்டிக் கேட்டன. நம் ஊர்க் கெளுத்திகளுக்கு மீசை நரைத்துப்போனதே அவர் போன வாரம் போனதிலிருந்துதான். சிரிக்கிற மூப்பர்கள் குளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கலாம்.

அந்தக் காலத்தில் இந்த டெல்டாவில் நடன அரங்குகளில் நடுவே ஒரு கயிறு கட்டுவார்கள். இந்தப் பக்கம் நம் மக்கள், அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு கூட்டமும் ஆடலாம், கயிற்றை மட்டும் யாரும் தாண்டக் கூடாது. அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கயிற்றை அவிழ்த்தால்தான் பாடுவேன் என்றாராம். முடியாது என்றான் அரங்கக்காரன். சரியென்று மேடையேறினார். இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. நேரே கயிற்றைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார்! காதல் பாட்டு! கயிற்றிடம் கொஞ்சினார், கயிற்றிடம் கோபித்தார், என்னை விட்டுப் போய்விடாதே என்று கயிற்றிடம் கண்ணீர் விட்டார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு முற்றியபோது யாரோ கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். அறுத்தது எந்தப் பக்கத்து ஆள் என்று இன்றுவரை இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடுகிறது. நான் அன்று அங்கே இல்லை. ஆனால் நேரில் பார்த்தவனைவிட நன்றாக இதுவரை இருநூறு முறை சொல்லியிருக்கிறேன்.

அன்பார்ந்தவர்களே, கயிறு கண்ணுக்குத் தெரியும். அதை அறுப்பது சுலபம். நான் இன்று பேச வந்தது ஒரு கதவைப் பற்றி.

மீன் ஆலையில் அமோனியா கசிந்த அந்தக் காலை உங்களில் யாருக்கு மறந்திருக்கும்? இந்தச் சபையில் பாதிப் பேர் அந்த ஆலையில் கெளுத்தி அறுத்துப் பிழைத்தவர்கள். குளிர்பதனக் குழாய் வெடித்தது. மீன் அறுக்கும் அறையில் இருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. வேலை நேரத்தில் யாரும் வெளியே போய் நிற்கக் கூடாதாம், அதற்காகப் பூட்டு. பதினோரு பேர் அந்தக் கதவடியில் மூச்சு முட்டிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி வெர்லீன், நம் லூவீனியா அக்காவின் கடைசித் தங்கை. ஆலை என்ன சொன்னது? கதவு பூட்டியிருக்கவே இல்லை, தள்ளுமுள்ளில் இறுகிக்கொண்டது என்றது. நாம் என்ன சொன்னோம்? ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அங்கேதானே வேலைக்குப் போகவேண்டும்? அடுத்த வருஷம் ஆலை முதலாளி நம் ஆலயத்துக்கு ஒரு ஏர்கண்டிஷன் இயந்திரம் கொடுத்தார். அதில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் அவர் பெயர். நாமும் குளிர்ச்சியாக உட்கார்ந்து ஆராதித்தோம்.

எண்பது வயதைத் தொட்ட ஓர் அம்மா அப்போது என்ன செய்வார்? ஓய்வெடுப்பார். பேரப்பிள்ளைகளுக்குக் கேக் சுடுவார். நம் அக்கா ஓர் ஆல்பம் போடுவேன் என்று கிளம்பினார். ஓட்டுச் சாவடியை மூடினதைப் பற்றி ஒரு பாட்டு, சிறையில் கிடக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒரு பாட்டு, மருத்துவமனை இல்லாத நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு பாட்டு. கடைசியாக அந்தக் கதவைப் பற்றி ஒரு பாட்டு. நியாயத்தைப் பற்றிய பாட்டை ஸ்டுடியோவில் தனியாக நின்று பாட முடியாது, இந்தச் சபைக்கு நடுவேதான் பதிவு செய்வேன் என்றார். இங்கே, இந்த ஆலயத்தில், ஓர் ஆகஸ்ட் ஞாயிறு மாலையில்.

பதிவுக்கு முன்னால் ஏர்கண்டிஷனை அணைக்கச் சொன்னார். நம் போதகர், கர்த்தர் அவருக்கு நீண்ட ஆயுள் தரட்டும், கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார்.

“அக்கா, ஆகஸ்ட் மாசம். அதை அணைச்சா ஜனங்க அவிஞ்சுபோயிடுவாங்க.”

“அவியட்டும் போதகரே. அது ஓடினா மைக்குல அதோட உறுமல்தான் விழும். என் ஆல்பத்துல முதலாளி பாட வேணாம்.”

அணைத்தார்கள். மெழுகுவர்த்திகள் தாமாக வளைந்தன. என் ஆர்கனின் கறுப்புக் கட்டைகள் வெள்ளைக் கட்டைகளோடு உருகி ஒட்டிக்கொண்டன என்று நான் சொன்னால் என் மனைவி மறுப்பாள், அவளை நம்பாதீர்கள். சபை முழுக்க, சவ அடக்கக் கடைக்காரர் கொடுத்த காகித விசிறிகள் படபடத்தன. அந்தப் படபடப்பும் பதிவில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், ஆயிரம் புறா பறப்பதுபோல் இருக்கும்.

நம் பாட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் நிற்பவர் பாதி சொல்வார், மீதியைச் சபை சொல்லவேண்டும். சபை என்ன கொடுக்கிறதோ அதை எடுத்துக்கொண்டுதான் அவர் அடுத்த வரிக்குப் போகவேண்டும். பிடிக்கவில்லை என்று தள்ள முடியாது. நம் பாட்டனார்கள் பருத்திக் காட்டில் பாடினதும் அப்படித்தான். ஒத்திகையில் போதகர் நமக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார். ‘கர்த்தர் அறிவார்.’ பாதுகாப்பான பதில். கர்த்தர் அறிவார்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கர்த்தரைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது என்பது ஆலையின் வக்கீல்களுக்கும் தெரியும்.

அக்கா பாடினார்.

உள்ளே பதினோரு பேர் இருந்தார்,
வெளியே நல்ல காற்றிருந்தது,
நடுவில் ஒரு கதவிருந்தது,
கதவைப் பூட்டியது யார்?

பாடகர் குழு வாயைத் திறந்தது. அக்கா பின்னால் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். சபையைப் பார்த்தார். சபைதான் சொல்லவேண்டும். சபை சொல்லவில்லை.

நீங்கள் எல்லாரும் இங்கே இருந்தீர்கள். நானும் இருந்தேன். விசிறிகள்கூட நின்றுவிட்டன. வேறொரு பாடகியாக இருந்தால் என்ன செய்வார்? அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். அக்கா நின்றார். என் இடக்கை ஒரே சுரத்தில் ஊன்றியிருந்தது. அவர் பின்னந்தலை அசையவில்லை, ஆகவே நானும் அசையவில்லை. மெம்பிஸிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் நல்ல பிள்ளை, ஆனால் நம் பாட்டு தெரியாதவர். பாட்டி வரிகளை மறந்துவிட்டார் என்று நினைத்துப் பதிவை நிறுத்தப் போனார். நான் ஆர்கன் வாசிக்கும்போது காலணியைக் கழற்றி வைத்திருப்பேன், கால் கட்டைகளை உணர்ந்து மிதிப்பதற்காக. ஒன்றை எடுத்து எறிந்தேன். அவர் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தை ‘தூரத்து இடிபோல் ஒலிக்கும் மர்ம முரசு’ என்று நியூயார்க்கில் ஒரு விமரிசகர் புகழ்ந்திருக்கிறார். அது என் பத்தாம் அளவுக் காலணி.

அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது. மூப்பர்களின் பெஞ்சிலிருந்து. பாட்டாக வரவில்லை, பேச்சாக வந்தது.

“நான்.”

ஆர்ட்டிஸ் வீம்ஸ். அறுக்கும் அறையின் மேற்பார்வையாளர். நம் சபையின் இளைய மூப்பர். சாவி அவர் இடுப்பில் இருந்தது. குழாய் வெடித்தபோது ஆலையின் மறுகோடியில் இருந்தார். ஓடினார். ஓடி வந்து திறந்தார். அதற்குள் முடிந்துவிட்டது. அத்தனை காலமும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, பித்தளைத் தகட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஞாயிறுதோறும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்பார்ந்தவர்களே, இறந்தவள் யார்? அக்காவின் தங்கை. அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. ‘நான்’ என்றவர் யார்? பூட்டினவர். அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் இன்னொரு காலணியையும் எறிந்திருப்பேன்.

சபை கொடுத்த பதில். தள்ள முடியாது. அக்கா மேடையை விட்டு இறங்கினார். மைக்கின் கம்பி பின்னால் இழுபட்டது. மூப்பர்களின் பெஞ்சுக்கு நேரே போய் நின்றார். நாற்பது வருஷத்தில் நான் கேட்காத ஒரு தாழ்ந்த சுரத்தில் அடுத்த வரியைப் பாடினார்.

பூட்டச் சொன்னது யார், தம்பி?

ஆர்ட்டிஸ் அந்தத் தகட்டில் இருக்கிற பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும் சொன்னார். இரண்டாவது வரிசையில் ஓர் அன்னை அந்தப் பெயரைத் திரும்பப் பாடினார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் கூரை இருந்ததா பறந்ததா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பாடினீர்கள்! பயந்தவர்கள் பாடினீர்கள்! மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள் பாடினீர்கள்! போதகரே, நீங்களும் பாடினீர்கள், நான் பார்த்தேன், மறுக்கவேண்டாம்.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பதிவைக் கேட்டுவிட்டு அந்த மௌனத்தை வெட்டவேண்டும் என்றார்கள். கேட்பவர்கள் தங்கள் பெட்டி கெட்டுவிட்டதென்று நினைப்பார்களாம். அக்கா ஒரே பதில் சொன்னார். “அதையும் நாங்கதான் பாடினோம்.” வெட்டவில்லை. நார்வே நாட்டில் ஒருவர் மூன்று முறை கடைக்குப் போய்த் தட்டை மாற்றிவிட்டு, நாலாவது முறை கண்ணீரோடு வீட்டுக்கு எடுத்துப் போனதாகக் கேள்வி. நார்வேயை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

மௌனம் நம் எல்லாருக்கும் சொந்தம். ஆனால் ‘நான்’ என்ற அந்த ஒரு சொல் ஒரே ஒருவருக்குச் சொந்தம். அது உலகம் முழுக்க ஒலிக்கப்போகிறது. அதனால் அக்கா ஆர்ட்டிஸின் வீட்டுக்குப் போனார். வண்டி ஓட்டினவன் நான். அதற்குள் பதினோரு குடும்பங்களும் ஆலைமேல் வழக்குப் போட்டிருந்தன, ஆலை அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தது. அவர் சபைக்கு வருவதையும் விட்டிருந்தார். வரவேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்தப் பெஞ்சு காலியாகிவிடும். அதற்குப் பெயர் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அவர். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

“உன் குரல் அதுல இருக்கு, ஆர்ட்டிஸ். வேணாம்னா சொல்லிடு. எடுத்துடச் சொல்றேன்.”

“எடுத்தா அந்தக் கேள்வி அப்படியே தொங்கிக்கிட்டு நிக்குமே அக்கா. இருக்கட்டும்.”

அப்புறம் அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், அக்கா தன்னை மன்னித்துவிட்டாரா என்று.

இரங்கல் கூட்டத்தில் இறந்தவரைப் புகழவேண்டும். மன்னித்தார், அணைத்தார், தேவதை என்று சொன்னால் எல்லாரும் ஆமென் சொல்வீர்கள். நான் உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்வேன், மீனைப் பற்றிச் சொல்வேன், நார்வேயைப் பற்றிச் சொல்வேன். இதைப் பற்றிச் சொல்லமாட்டேன். அக்கா சொன்னது இதுதான்.

“இன்னும் இல்லடா. முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன். சில நாள் காலையில வருது, சாயங்காலம் போயிடுது. ஆனா நீ கோர்ட்டுல போய் நின்னா, உன் பக்கத்துல வந்து உக்காருவேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

கேட்டீர்களா? மன்னிப்பு வரும்வரை காத்திருக்கவில்லை அந்த அம்மா. அது வராமலே, நான் வருகிறேன் என்றார். ஆல்பம் முழுக்க நியாயம் நியாயம் என்று பாடினாரே, அதில் எந்தப் பாட்டையும்விட அந்தச் சமையலறைப் பேச்சைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வழக்கு வரும் திங்கட்கிழமை ஜாக்சனில் விசாரணைக்கு வருகிறது. பதினோரு குடும்பங்களும் ஒரு பக்கம், ஆலை மறு பக்கம். கதவு பூட்டியிருந்தது, பூட்டச் சொன்னது இன்னார் என்று சத்தியம் செய்து சொல்லக்கூடியவர் பூமியில் ஒரே ஒருவர்தான். சொன்னால் அவர் மேலேயே வழக்கு வரலாம். வக்கீல்கள் அவரை மூன்று நாள் நிற்கவைத்துக் குதறுவார்கள். சொல்லாமல் போனால் பதினோரு பேரும் தள்ளுமுள்ளில் செத்ததாகவே எழுதப்படும். அவரைக் கோர்ட்டுப் படிக்கட்டில் ஏற்றக் காத்திருந்த ஒரே துணை போன வாரம் போய்விட்டது. மருத்துவமனையில் கடைசியாக அக்கா என்னிடம் கேட்டது பாட்டைப் பற்றியல்ல, சொர்க்கத்தைப் பற்றியுமல்ல. “அவனுக்குக் கோர்ட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போக நல்ல சட்டை இருக்கா?” என்று கேட்டார்.

இந்தக் கூடத்தில் உட்கார இடமில்லை. சுவரோரம் ஆட்கள் நிற்கிறார்கள். ஜன்னல் திண்டில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் மேடையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரிகிறது. கடைசி வரிசையில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வலப்பக்கம் பெஞ்சு காலி, இடப்பக்கமும் காலி. திரும்பிப் பார்க்கவேண்டாம், அவரை எல்லாரும் போதுமான அளவு பார்த்தாயிற்று. சகோதரி ஈடித், உங்கள் முகம் இறுகுவது எனக்குத் தெரிகிறது. உங்கள் மகன் அந்தக் கதவடியில் போனான். அவரை நேசியுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அக்காவாலேயே முழுசாக முடியவில்லை. நான் யார் சொல்ல?

ஆனால் லூவீனியா டில்மன் அவர்களின் பெயரால் இந்தச் சபையின் முன் நான் உறுதி கூறுகிறேன். திங்கட்கிழமை விடியற்காலையில் சபையின் பஸ் ஜாக்சனுக்குப் புறப்படும். ஓட்டுவது நானல்ல, பயப்படவேண்டாம். அந்தக் கோர்ட்டில், அந்தப் பெஞ்சில், அக்கா உட்காரவேண்டிய இடத்தில் நான் உட்காருவேன். முதல் நாளும், இரண்டாம் நாளும், அவர்கள் எத்தனை நாள் இழுத்தாலும். அக்காவுக்கு மலர்வளையம் வைக்க விரும்புகிறவர்கள் வையுங்கள். கல்லறைக்குக் கல் வெட்ட விரும்புகிறவர்கள் வெட்டுங்கள். ஆனால் அவர் தொடங்கின வேலையைச் செய்ய விரும்புகிறவர்கள் பஸ்ஸில் ஏறுங்கள்.

என் உரைக்கு அழகான முடிவு ஒன்று எழுதி வைத்திருந்தேன். வானம் அதிர்ந்து, தேவதூதர்கள் பாடகர் குழுவாக எழுந்து நிற்கும் முடிவு. அதைப் போதகருக்குக் கொடுத்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்திக்கொள்ளட்டும். மைக்கை யாராவது பிடியுங்கள். பணிவிடைச் சகோதரிகளே, நடுவழியை விடுங்கள், நான் பருமனான ஆள். இல்லை, ஆர்கனுக்குப் போகவில்லை. கடைசி வரிசைக்குப் போகிறேன்.

ஆர்ட்டிஸ், கொஞ்சம் நகர்ந்து உட்காருப்பா.